பனியன் கம்பெனிக்கு வந்த வதந்தி

சமூக ஊடகத்தில் வரும் பொய்ச் செய்திகளை அரசாங்கம் கட்டுப்படுத்தலாமா என்று திருப்பூரில் எந்த பனியன் கம்பெனி முதலாளியிடம் கேட்டாலும், "இதையெல்லாம் கேக்கோணுங்களா?" என்பார். என் யூனிட்டுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் பிரின்டிங் போடுகிற அண்ணன் இன்னும் ஒரு படி மேலே போவார். "அந்த ஃபேஸ்புக்கையே மூடிப்போடோணுமுங்க. நாலு நாள் கெடந்தா யாருக்கு என்ன நட்டம்?" அவருடைய கோபத்துக்கு ஒரு தேதி உண்டு. 2023 மார்ச் முதல் வாரம்.

என்னுடையது நாற்பது மெஷின்கூட இல்லாத ஜாப் ஒர்க் யூனிட். எக்ஸ்போர்ட் கம்பெனிகள் கட்டிங் முடித்து அனுப்பும் துணியை ஓவர்லாக், பேட்லாக் அடித்து, செக்கிங் பார்த்து, அயர்ன் போட்டுத் திருப்பி அனுப்புவோம். டெய்லர்களில் பாதிப்பேர் பீகார், ஒடிசாக்காரர்கள். அந்த வாரம் ஒரு மத்தியானம், தர்பங்கா பக்கத்து ஓவர்லாக் டெய்லர் ஒருவர் சாப்பிடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன என்றேன். "அண்ணா, அம்மா போன். ஊருக்கு வா வா சொல்லுது. இங்க எல்லாம் வெட்டுதாம்" என்று போனை நீட்டினார்.

இரண்டு மூன்று பேர் ஒருவனைத் துரத்தி வெட்டுகிற காட்சி. மேலே ஹிந்தியில் ஏதோ எழுதியிருந்தது. தமிழ்நாட்டில் ஹிந்தி பேசுகிறவர்களைத் தேடித்தேடிக் கொல்கிறார்கள் என்று அர்த்தம் சொன்னார். நான் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டேன். துரத்துகிறவனும் தமிழில்தான் கத்துகிறான், அடிபடுகிறவனும் தமிழில்தான் அலறுகிறான். நம் காதுக்கு அரை நிமிடத்தில் பிடிபடுகிற விஷயம், தர்பங்காவில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாய்க்கு எப்படிப் பிடிபடும்? அவருக்கு அது புரியாத பாஷை பேசுகிற ஊரில் மகனுக்கு நடக்கப்போகிற கொலை, அவ்வளவுதான்.

அந்த நாட்களில் சுற்றியவற்றில் இரண்டு வீடியோக்களைக் குறிப்பிட்டு அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு விளக்கம் கொடுத்தார். ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்கள் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து மோதிக்கொண்டது. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த தகராறு. ஆனால் அதற்குள் விஷயம் பீகார் சட்டசபை வரைக்கும் போய்விட்டது. ஸ்டாலின் நிதிஷ் குமாருடன் போனில் பேசினார். பீகார் அரசு ஓர் அதிகாரிகள் குழுவையே அனுப்பியது. மார்ச் 8-ல் ஹோலி. எப்படியும் ஊருக்குப் போகிற சமயம்தான். பண்டிகைக்குக் கிளம்பியவர் யார், பயந்து கிளம்பியவர் யார் என்று பிரிக்க முடியாதபடி ரயில்வே ஸ்டேஷனில் கூட்டம். அந்தக் கூட்டத்தையே படம் பிடித்து, தப்பி ஓடுகிறார்கள் என்று அடுத்த வீடியோ போட்டார்கள். மெஷின் சும்மா நின்றது, ஷிப்மென்ட் தேதி தள்ளியது, அந்த நஷ்டமெல்லாம் தனிக்கதை.

இதில் பலருக்கு மறந்துபோன முன்கதை ஒன்று இருக்கிறது. அதே ஆண்டு ஜனவரியில் திருப்பூர் வீடியோ ஒன்று தமிழ்ப் போன்களில் ஓடியது. வடக்கத்திக்காரர்கள் தமிழர்களை ஓட ஓட விரட்டுகிறார்கள் என்று. போலீஸ் விசாரித்துச் சொன்ன காரணம், டீக்கடையில் சிகரெட் புகையை ஊதியதில் வந்த வாய்த்தகராறு. அப்போது, "அவங்கள உள்ள விட்டதே தப்பு" என்று அந்த வீடியோவைப் பார்வர்ட் செய்தவர்களில் கம்பெனி நடத்துகிறவர்களும் இருந்தார்கள். இரண்டு மாதம் கழித்து அதே மாதிரிப் பொய் ஹிந்தியில் திரும்பி வந்தபோதுதான் அரசாங்கம் கட்டுப்படுத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியது.

சரி, அந்தப் பீதி எப்படி அடங்கியது? எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். போலீஸும் மாவட்ட நிர்வாகமும் ஹிந்தியில் அறிவிப்பு வெளியிட்டன. உதவி எண் கொடுத்தார்கள். அதிகாரிகள் கம்பெனி கம்பெனியாக வந்து தொழிலாளர்களிடம் நேரே பேசினார்கள். அந்தச் சமயத்திலேயே ரயில் தண்டவாளத்தில் பீகார் தொழிலாளி ஒருவர் இறந்துகிடக்க, கொலை என்று சொல்லிப் பெருங்கூட்டம் கூடிவிட்டது. தண்டவாளத்தைக் கடக்கும்போது நடந்த விபத்து என்பதற்கான கேமரா பதிவைப் போலீஸ் காட்டியது. கூட்டம் கலைந்தது. பொய் வீடியோவை யாரும் போனிலிருந்து அழிக்கவில்லை. உண்மையான வீடியோவை எடுத்து முன்னால் வைத்தார்கள்.

இன்னொரு பக்கம் வழக்குகள். வதந்தி பரப்பியதாகப் பத்திரிகை ஆசிரியர் மேலும் கட்சிக்காரர் மேலும் வழக்குப் போட்டார்கள். பீகார் யூடியூபர் மணிஷ் காஷ்யப்பைக் கைது செய்து மதுரைக்குக் கொண்டுவந்தார்கள். இதற்குப் புதுச்சட்டம் ஒன்றும் தேவைப்படவில்லை. இரு பிரிவினரிடையே பகை மூட்டுவது, பீதி கிளப்பும் வதந்தி பரப்புவது, இரண்டும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலேயே குற்றம். இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 353-வது பிரிவு, மின்னணு வழியாகப் பரப்புவதையும் சேர்த்தே சொல்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை. அதோடு நிறுத்தியிருக்கலாம். தேசியப் பாதுகாப்புச் சட்டத்தையும் காஷ்யப் மேல் போட்டார்கள். விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை உள்ளே வைக்க வழி செய்யும் சட்டம் அது. நவம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பக்கத்துக் கட்டட அண்ணனுக்கு அதில் வருத்தம். எனக்கு இல்லை. ஒரு யூடியூபரை அடக்க தேசியப் பாதுகாப்புச் சட்டம் வேண்டும் என்றால், நாளைக்குக் கூலி உயர்வுப் பேச்சுவார்த்தையில் சூடாக ஏதாவது போஸ்ட் போடுகிற சங்கத்துக்காரர் மேல் எது பாயும்?

இனி டெல்லி. சமூக ஊடகப் பொய்களை ஒழிக்க மத்திய அரசு 2023 ஏப்ரல் 6 அன்று தகவல் தொழில்நுட்ப விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. இதைப் புரிந்துகொள்ள தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு என்ன சொல்கிறது என்று தெரிய வேண்டும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் அவதூறு பேசினால் கடைக்காரரைப் பிடித்துக்கொண்டு போவதில்லை அல்லவா, அதே பாதுகாப்பை ஃபேஸ்புக், யூடியூப் போன்ற நிறுவனங்களுக்கு அந்தப் பிரிவு தருகிறது, சில நிபந்தனைகளோடு. 2023 திருத்தம் அந்த நிபந்தனைகளோடு இன்னொன்றைச் சேர்த்தது. மத்திய அரசின் அலுவல்கள் பற்றிய ஒரு பதிவைப் போலி, பொய், தவறாக வழிநடத்துவது என்று அரசே நியமிக்கும் உண்மை சரிபார்ப்புப் பிரிவு சொல்லிவிட்டால், அதைத் தன் தளத்தில் வைக்காமலிருக்க நிறுவனம் முயற்சி எடுக்க வேண்டும். இல்லையென்றால் 79-ன் பாதுகாப்பு போய்விடும்.

இதில் நேரடித் தடை எங்கே என்று அரசு வழக்கறிஞர்கள் கேட்டார்கள். வியாபாரம் செய்கிறவனுக்கு அந்தக் கேள்வி சிரிப்பை வரவழைக்கும். பையர் ஒரு பீஸில் குறை சொன்னால் நான் அவரோடு வாதாடிக்கொண்டிருக்க மாட்டேன். அந்த பீஸைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆர்டரைக் காப்பாற்றிக்கொள்வேன். உங்களுடைய ஒரு பதிவுக்காக அமெரிக்கக் கம்பெனி ஒன்று இந்திய நீதிமன்றத்தில் ஏறி நிற்குமா? அழித்துவிட்டுப் போய்விடும்.

அந்தச் சரிபார்ப்பு வேலையை ஒப்படைக்க அரசு தேர்ந்தெடுத்தது பி.ஐ.பி. என்னும் பத்திரிகை தகவல் அலுவலகத்தின் பிரிவை. 2019 கடைசியிலிருந்து இயங்கும் பிரிவு அது. போலி அரசாங்கத் திட்டங்கள், போலி வேலைவாய்ப்பு இணையதளங்கள் என்று நல்ல காரியங்கள் நிறையச் செய்திருக்கிறது; எங்கள் டெய்லர்களுக்கு வந்த "இலவச லேப்டாப்" லிங்க் மாதிரியானவை அவர்களுடைய அன்றாட இரை. ஆனால் 2020 டிசம்பரில் ஒரு வேடிக்கை நடந்தது. உளவுத்துறையான ஐ.பி.யில் வேலைக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பு ஒன்று சுற்றியது. போலி என்று பி.ஐ.பி. முத்திரை குத்தியது. அறிவிப்பு அசல். அரசாங்கத்தின் சொந்த வேலைவாய்ப்புப் பத்திரிகையே அதை உறுதிப்படுத்தியிருந்தது. ஒரே அமைச்சகத்தின் கீழ் இருக்கும் இரண்டு அலுவலகங்கள், ஒன்று அசல் என்கிறது, ஒன்று போலி என்கிறது! வேலை தேடி அலையும் ஒரு பையன், பி.ஐ.பி. சொன்னதை நம்பி விண்ணப்பிக்காமல் விட்டிருந்தால் நஷ்டம் யாருடையது? அதிகாரிகள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. போலி என்று எழுதுவதற்கு மட்டும் அவர்களுக்கு உரிமை இருந்ததால், எதிர்க்கேள்வி கேட்டு மறுக்க வழி இருந்தது. அந்த முத்திரையோடு பதிவை அழிக்கவைக்கும் பலமும் சேர்ந்திருந்தால், அசல் அறிவிப்பு எங்கும் கிடைக்காமலே போயிருக்கும்.

நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ராவும் பத்திரிகை ஆசிரியர்கள் அமைப்பும் இந்திய இதழ்கள் சங்கமும் இந்த விதியை எதிர்த்து பம்பாய் உயர் நீதிமன்றம் போனார்கள். 2024 ஜனவரி 31-ல் இரண்டு நீதிபதிகள் இரண்டு தீர்ப்பு எழுதினார்கள். நீதிபதி ஜி.எஸ். படேல் செல்லாது என்றார். தன் காரியம் பற்றிய செய்திக்குத் தானே நடுவராக அரசு உட்காருவதை அவர் ஏற்கவில்லை. நீதிபதி நீலா கோகலே செல்லும் என்றார். பொய் என்று தெரிந்தே பரப்புவதைத்தான் விதி குறிவைக்கிறது, நையாண்டியையும் விமர்சனத்தையும் அல்ல. பாதிக்கப்பட்டவர் நீதிமன்றம் போகலாமே என்பது அவர் நியாயம். அது ஒதுக்கித் தள்ளக்கூடிய வாதம் இல்லை. ஆனால் வக்கீல் பீஸ் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு "நீதிமன்றம் போகலாமே" என்பதன் எடை தெரியும்.

வழக்கு மூன்றாவது நீதிபதியிடம் போய்க்கொண்டிருக்கும்போதே, 2024 மார்ச் 20-ல், தேர்தல் அறிவித்த சூட்டோடு, பி.ஐ.பி. பிரிவை அரசு முறைப்படி அறிவித்துவிட்டது. மறுநாளே உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. செப்டம்பர் 20-ல் நீதிபதி ஏ.எஸ். சந்துர்கர் விதி அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று முடித்தார். போலி, பொய், தவறாக வழிநடத்துவது என்பவற்றுக்கு விதியில் வரையறையே இல்லை என்பது அவர் சுட்டிய குறைகளில் ஒன்று. டெல்லிக்குச் சொன்னதைத்தான் சென்னைக்கும் சொல்வேன். அரசுத் துறைகள் பற்றிய செய்திகளைச் சரிபார்க்க தமிழக அரசும் 2023 அக்டோபரில் தனியாக ஒரு பிரிவை அமைத்தது. அது விளக்கம் சொல்லும் வரை எனக்கு ஆட்சேபம் இல்லை. டெல்லி விதியைத் தணிக்கை என்று கூச்சலிட்டவர்களில் சிலர் சென்னைப் பிரிவுக்குக் கைதட்டியதுதான் உறுத்துகிறது.

வரையறை இல்லாத சட்டம் என்ன செய்யும் என்பதற்கு நாம் வெளியூர் போக வேண்டாம். அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66-ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. எரிச்சலூட்டும் பதிவுக்குக்கூட மூன்று ஆண்டு. 2012-ல் கார்த்தி சிதம்பரத்தைப் பற்றி ஒரு ட்வீட் போட்டதற்காகப் புதுச்சேரியில் ஒரு சிறுதொழில்காரரை விடிகாலையில் வந்து பிடித்தார்கள். அடுத்த மாதமே, பால் தாக்கரே மறைவுக்கு மும்பை ஏன் அடைக்க வேண்டும் என்று ஃபேஸ்புக்கில் கேட்ட ஒரு பெண்ணையும், அதற்கு லைக் போட்ட தோழியையும் பால்கரில் கைது செய்தார்கள். 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே அடித்துவிட்டது. ஆனால் போலீஸ் ஸ்டேஷனில் அது சாகவில்லை. ஆறேழு ஆண்டு கழித்தும் 66-ஏ-யில் வழக்குப் பதிகிறார்கள் என்று தெரிந்து அதிர்ச்சி தெரிவித்த உச்ச நீதிமன்றம், இனி யாரையும் அதில் விசாரிக்கக் கூடாது என்று 2022-ல் மறுபடியும் உத்தரவிட வேண்டிவந்தது.

எங்கள் அப்பா காலத்து ஆட்களுக்கு இது இன்னும் எளிதாகப் புரியும். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 ஜனவரி 31-ல் தி.மு.க. ஆட்சியைக் கலைத்ததும் மிசாவில் கைதுகள் தொடங்கின. யார் யார் கைதானார்கள் என்று எழுதத் தணிக்கை அதிகாரி விடவில்லை. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அண்ணா சதுக்கத்துக்கு வந்து அஞ்சலி செலுத்த இயலாதவர்கள் என்று முரசொலி ஒரு பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. தமிழ்நாட்டுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அன்றைக்கு அரசாங்கத்தின் கணக்கில் அந்தக் கைதுச் செய்திகள் வெளியிடத் தகாதவை.

மலேசியாவில் சொந்தக்காரர்கள் இருக்கிறவர்களுக்கு 2018 ஞாபகம் இருக்கும். பொதுத் தேர்தலுக்குச் சில வாரம் முன்பு, நஜிப் அரசு பொய்ச் செய்தித் தடைச் சட்டத்தை அவசரமாக நிறைவேற்றியது. முதலில் மாட்டியவர் ஒரு டென்மார்க் குடிமகன். கோலாலம்பூரில் ஒரு கொலை நடந்த இடத்துக்குப் போலீஸ் வர ஐம்பது நிமிடம் ஆனது என்று யூடியூபில் சொன்னார். எட்டு நிமிடத்தில் வந்துவிட்டோம் என்றது போலீஸ். அவரிடம் அபராதம் கட்டப் பணமில்லை, ஜெயிலுக்குப் போனார். அதே சட்டத்தில் விசாரணைக்கு ஆளான இன்னொருவர் எதிர்க்கட்சித் தலைவர் மகாதீர். அவர் தேர்தலில் ஜெயித்துப் பிரதமரானார், சட்டம் அடுத்த ஆண்டுக் கடைசியில் ரத்தானது. சிங்கப்பூரின் 2019 சட்டம் இதைவிட நாகரிகமானது. பெரும்பாலும் பதிவை அழிக்கச் சொல்லாமல், பக்கத்தில் திருத்தத்தைப் போடச் சொல்கிறது. அந்தப் பாதி எனக்குப் பிடித்திருக்கிறது. எது பொய் என்று முதலில் முடிவு செய்பவர் அமைச்சர், நீதிமன்றம் அதற்குப் பிறகுதான் என்கிற பாதி பிடிக்கவில்லை.

அப்படியானால் அரசு கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா? இல்லை. போளூர் பக்கம் அத்திமூரில் 2018 மே மாதம் நடந்ததை நினைத்துப் பாருங்கள். குலதெய்வம் கோயிலைத் தேடி வந்த குடும்பம். காரை நிறுத்தி வழி கேட்ட இடத்தில், குழந்தைகளுக்கு சாக்லெட் கொடுத்த 65 வயது அம்மாவைப் பிள்ளை பிடிக்கிறவர் என்று ஊர் கூடி அடித்துக் கொன்றது. பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் ஆடியோக்கள் அதற்கு முன் வாரக்கணக்கில் வடமாவட்டங்களில் சுற்றிக்கொண்டிருந்தன. ஜூலை 1-ல் மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் இதே புரளியில் ஐந்து பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு மத்திய அரசு வாட்ஸ்அப் நிறுவனத்துக்குக் காட்டமாகக் கடிதம் எழுதியது. அந்த மாதமே இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுக்கு மேல் பார்வர்ட் செய்ய முடியாதபடி நிறுவனம் மாற்றியது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பல கை மாறி வந்த செய்தியை ஒரு சமயத்தில் ஒரே ஒரு சாட்டுக்குத்தான் அனுப்பலாம் என்று இறுக்கியது. அப்படிப்பட்ட பார்வர்டுகள் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனமே சொன்னது.

எது பொய், எது மெய் என்று இங்கே யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. பிள்ளை பிடிக்கிற ஆடியோவுக்கும் கந்த சஷ்டி வாழ்த்துக்கும் ஒரே வேகத்தடை. அரசு கட்டுப்படுத்த வேண்டியது இந்த இடத்தைத்தான் என்பது என் கட்சி. எது எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது, யாருடைய காசில் ஓடுகிறது, எந்தக் கணக்குப்படி மேலே தள்ளப்படுகிறது என்பதை நிறுவனங்கள் வெளியே சொல்ல வேண்டும். ஐரோப்பாவின் டிஜிட்டல் சேவைச் சட்டம் ஏறத்தாழ இந்த வழியில் போகிறது. நாலரைக் கோடிக்கு மேல் பயனர்கள் உள்ள தளங்கள், தங்கள் அமைப்பால் சமூகத்துக்கு என்ன ஆபத்து என்று தாங்களே ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். தவறினால் உலக வருமானத்தில் ஆறு சதவீதம் வரை அபராதம்.

நம் ஊரிலோ பேச்சு எப்போதும், முதலில் அனுப்பியவனைப் பிடி என்பதில்தான் போய் நிற்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2018-ல் போட்ட ஒரு வழக்கு, சமூக ஊடகக் கணக்கை ஆதாரோடு இணைக்கக் கேட்டுத் தொடங்கி, வாட்ஸ்அப் செய்தியின் மூலத்தைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதில் வந்து நின்றது. முடியும் என்று ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி வழி சொன்னார், நிறுவனம் மறுத்தது. 2021 விதிகள் அந்தக் கண்டுபிடிப்பைக் கட்டாயமாக்கின. செய்தி வெளிநாட்டில் கிளம்பியிருந்தால், இந்தியாவுக்குள் அதை முதலில் அனுப்பியவரையே மூலவராகக் கொள்ளலாம் என்று அதில் ஒரு வரி. துபாயிலிருந்து அண்ணன் அனுப்பியதை, "இது நிஜமா?" என்று கேட்டு எனக்கு அனுப்புகிற தர்பங்கா பையன் அந்த வரிப்படி மூலவர் ஆகிவிடக்கூடும். வாட்ஸ்அப் தொடுத்த வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. செய்திகளுக்குப் போட்டிருக்கும் என்கிரிப்ஷன் பூட்டை உடைக்கச் சொன்னால் நாட்டை விட்டே கிளம்பிவிடுவோம் என்று 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர் அங்கே சொன்னார்.

பக்கத்துக் கட்டட அண்ணன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப அடுத்த தடவ வந்தா என்னதான் பண்றதுங்க?" என்றார். நான் சொன்னேன்: ஹிந்தியும் ஒடியாவும் பேசத் தெரிந்த ஆள், வதந்தி வந்த பிறகு தேடிப்பிடிக்காமல், எப்போதும் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கட்டும். தூண்டிவிட்டவன் மேல் சாதாரணச் சட்டத்தில் வழக்குப் போட்டு, சாட்சி வைத்து, கோர்ட்டில் நிரூபிக்கட்டும். ஒரு பதிவை நீக்க வேண்டும் என்றால் நீக்கட்டும், ஆனால் எதை, ஏன் நீக்கினோம் என்று ஊருக்குச் சொல்லட்டும். இந்தக் கடைசிக் காரியத்துக்குப் புதுச்சட்டம்கூட வேண்டாம், பழைய விதி ஒன்றை எடுத்துவிட்டால் போதும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஏ பிரிவின் கீழ் பதிவுகளை முடக்க மத்திய அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. அதற்கான 2009 விதிகளில் 16-வது விதி, முடக்கக் கோரிய புகாரையும் எடுத்த நடவடிக்கையையும் கண்டிப்பாக ரகசியமாக வைக்கச் சொல்கிறது. அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தப்புன்னு சொல்லித்தான நீக்கறாங்க, அதுல மறைக்க என்னங்க இருக்குது?" என்று கேட்டார்.